சிவப்புத் தடிக்கு இந்தப் பக்கம்

தெல்லிப்பளைக்குப் போகும் காலை பஸ்
முகமாலையில் நிற்பதில்லை.
ஒவ்வொரு கிளினிக் நாளும்
நான்தான் மனதுக்குள் இறங்கி ஏறுகிறேன்.

ஆறு வருசம் அந்த மண்ணில் முழந்தாளிட்டிருந்தேன்.
முகக் கண்ணாடிக்குள் என் மூச்சே எனக்கு வெக்கை.
ஒரு மீற்றர் அகலப் பாதை.
கருவி கத்தினால்
ஜொனியோ பழைய ஆணியோ தெரியாது,
இரண்டுக்கும் ஒரே மரியாதைதான்.
வெள்ளைத் தடி நட்டால் அது பார்த்த நிலம்.
சிவப்புத் தடிக்கு அங்காலே
காஞ்சூண்டியும் கடவுளும்.

இடது கக்கத்தில்
பதினேழு நெறி எடுத்ததாகச் சொன்னார்கள்.
நாங்கள் எடுத்தால் எண்ணி, இலக்கம் எழுதி,
பின்னேரம் ஒன்றாய் வெடிக்க வைப்போம்.
இவற்றை என்ன செய்தீர்கள் என்று
கேட்க வாய் வரவில்லை.

"கை வீங்கலாம்" என்றா தாதி.
"வீங்காமலும் விடலாம்."
எப்ப?
"வாற மாதம். இல்லாட்டில் பதினைஞ்சு வருசம் கழிச்சு."
புதுப் பதிலில்லை அது.
மண் எனக்கு முன்பே சொன்னதுதான்.

ஒரு தாள் தந்தார்கள்.
அந்தக் கையில் ஊசி கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது,
பாரம் கூடாது, வெட்டுக்காயம் கூடாது,
நுளம்பு கடிக்கவும் கூடாது.
உமையாள்புரத்து நுளம்புகளுக்கு
அந்தத் தாளை யார் வாசித்துக் காட்டுவது?

தேசிக்காய் பிடுங்கவும் கையுறை போடுகிறேன்.
மச்சாள் பார்த்துவிட்டுச் சொன்னா:
"மிதிவெடி கிண்டினவ
இப்ப முள்ளுக்குப் பயப்பிடுறா."
சிரித்தேன்.
அவவுக்குத் தெரியாது,
அங்கேயும் பயந்துதான் கிண்டினேன்.
பயந்தபடியால்தான் இரண்டு காலும் இருக்கிறது.

ஞாயிறு பின்னேரங்களில் அதிரன்
தையல் நாடாவோடு வருவான்.
முழங்கைக்கு மேலே நாலு விரல், கீழே நாலு விரல்,
பேனையால் கோடு போட்டு அளப்பான்.
அளவைக் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுவான்.
இருபத்தாறரை. இருபத்தாறரை. இருபத்தாறரை.
ஆவணியில் ஒரு ஞாயிறு
இருபத்தேழு.

அந்த அரைச் சென்ரிமீற்றருக்குள்
ஒரு இரவு முழுக்கப் படுத்திருந்தேன்.
கையைத் தலையணையில் ஏற்றி வைத்து,
பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தபடி.
கருவாடு தின்ற உப்போ,
நாடா சரிந்ததோ,
மோட்டர் பழுதாகி அன்று இழுத்த
அந்த ஆறு வாளித் தண்ணியோ?
அடுத்த ஞாயிறு பழையபடி இருபத்தாறரை.
அவன் இருபத்தேழை வெட்டவில்லை.
"அதுவும் இருக்கட்டும் அம்மா" என்றான்.

மார்கழியில் காய்ச்சல். டெங்கு எண்டு சந்தேகம்.
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இரவு முறைக்கு வந்த
சின்னப் பிள்ளைத் தாதி
இடது கையைப் பிடித்து நாடாவை இறுக்கினா.
இந்தக் கை ஏலாது பிள்ளை.
வலது கையைத் தூக்கினா.
அதில் மாத்தளனில் வந்த ஒரு துண்டு,
நரம்புக்குப் பக்கத்தில், பட்டாணிக் கடலையளவு.
"அப்ப எந்தக் கையில அக்கா குத்துறது?"
எனக்குக் காய்ச்சலிலும் சிரிப்பு வந்தது.
வலதில் குத்து.
அந்த இரும்பு பழகின இரும்பு,
இருக்கிற இடம் தெரியும்.
இதில் என்ன இருக்கிறதென்று
எனக்கே தெரியாது.

இன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம்.
வெயில் படாமல் இடது கையில் துவாய்.
முகமாலையில் நாங்கள் பார்த்த துண்டு நிலத்தில்
யாரோ கச்சான் போட்டிருக்கிறார்கள்.
துப்பரவென்று கடிதம் கிடைத்த காணிதான்.
என்றாலும் அந்த மனிசி
மண்வெட்டியைக் கொத்தாமல்
சரித்துச் சரித்து வைக்கிறா.
கொஞ்சம் தள்ளிச் சிவப்புத் தடிகள்,
அவற்றின் நடுவே குனிந்த நீல முதுகுகள்.
ஒன்று தவரூபியாய் இருக்கலாம்.

துவாயை எடுத்துவிட்டு
இடது கையை ஜன்னலுக்கு மேலே தூக்கி ஆட்டினேன்.
கூடாதவை முடிந்த பிறகு
தாளின் அடியில் ஒரு வரி இருக்கிறது:
கையை அடிக்கடி உயர்த்துவது நல்லது.
ஒருவரும் நிமிரவில்லை.
நிமிரவும் கூடாது,
வேலை நேரம்.